அடித்தூரும் அயலார் தோப்பும்

மரம் ஒன்றை வெட்டும் நாளில் நம் ஊர்களில் ஆளுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. கிளை கழிக்க ஒருவர், அடிமரம் அறுக்க இருவர், கயிறு பிடிக்கத் தெருவார் அனைவரும் என்று கூடிவிடுவர். மாலைக்குள் விறகு ஒரு வண்டியிலும் கட்டை ஒரு வண்டியிலும் ஏறிவிடும். கொல்லையில் எஞ்சி நிற்பது அடித்தூர் ஒன்றே. "அது தானே மக்கிப்போகும்" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு அனைவரும் போய்விடுவர்.

தூர் மக்கும் என்பது உண்மையே. ஆனால் மக்குதல் என்றால் என்ன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. காற்றும் மழையும் மட்டும் மரத்தைக் கரைத்துவிடுவதில்லை. பூஞ்சைகளும் புழுக்களும் கறையானும் அதனை உண்டு செரிப்பதையே மக்குதல் என்கிறோம். ஆகவே மக்குகின்ற ஒவ்வொரு தூரும் ஏதோ ஓர் உயிருக்கு உணவும் உறையுளும் ஆகிறது. அவ்வுயிர் நமக்குத் தீங்கு செய்யாததாயின் கவலையில்லை. நம் வீட்டையோ, நம் பயிரையோ, அடுத்த வீட்டாரின் தோப்பையோ அழிப்பதாயின், அத்தூரை விட்டுவைத்தவர் அந்த அழிவுக்கு இடம் கொடுத்தவர் ஆகிறார். மரம் வெட்டும் வேலை, தூர் எடுத்த பின்னரே முடிவடைகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தூரினால் விளையும் தீங்குகள்

வீட்டை ஒட்டி நிற்கும் தூரில் முதலில் குடியேறுவது கறையான். தூரை உண்டு தீர்த்த பின் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. மண்ணுக்குள் வழி அமைத்து நிலைப்படிக்கும் கூரை மரத்துக்கும் வந்து சேருகிறது. நடுப்பகுதி உளுத்துக் குழிந்த தூரில் மழைநீர் தேங்கிக் கொசு முட்டையிடுகிறது. பொந்து விழுந்த தூரில் தேளும் பாம்பும் தங்குகின்றன. பள்ளி முற்றத்திலோ கிணற்றடிப் பாதையிலோ தரையோடு தரையாக அறுத்து விடப்பட்ட தூர், இருளில் வருவோரின் காலை இடறுகிறது. இவையெல்லாம் எவரும் கண்ணால் காணக் கூடியவை.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத தீங்கு, தென்னை மரத்தின் தூரினால் வருவது. நம் மாநிலத்தில் தென்னை இல்லாத கொல்லை அரிது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தென்னந்தூரும் காண்டாமிருக வண்டும்

தென்னையின் பகைகளில் முதன்மையானது காண்டாமிருக வண்டு. இது விரியாத குருத்தைத் துளைத்து மெல்லுகிறது. அக்குருத்து பின்னர் விரியும்பொழுது மட்டையின் ஓலைகள் கத்தரியால் வெட்டியது போன்று முக்கோண வடிவில் அறுபட்டிருக்கும். வளர்ந்த மரம் இத்தாக்குதலை ஓரளவு தாங்கும். இளங்கன்றின் வளர்முனையை வண்டு துளைத்துவிட்டால் கன்றே மடிந்துவிடும். வண்டு துளைத்த புண்ணின் வழியே சிவப்புக் கூன்வண்டு முட்டையிடுவதும் உண்டு. அதன் புழு மரத்தின் உட்புறத்தைத் தின்று, வெளியே தெரியாமலே மரத்தைச் சாய்த்துவிடும்.

காண்டாமிருக வண்டு வாழ்வது மரத்தின் உச்சியில். ஆனால் அது பிறப்பது அங்கன்று. தாய் வண்டு எருக்குழியிலும், மக்கும் தென்னங்கட்டையிலும், உளுத்த தூரிலும் இறங்கி ஏறத்தாழ 140 முதல் 150 முட்டைகள் வரை இடுகிறது. 8 முதல் 18 நாட்களில் முட்டை பொரிந்து, பழுப்புத் தலையும் வளைந்த வெண்ணிற உடலும் கொண்ட தடித்த புழு வெளிவருகிறது. இப்புழு ஏறக்குறைய மூன்று மாதம் முதல் ஆறு மாதம் வரை அந்த மக்கிய பொருளையே உண்டு வளர்ந்து, பின் கூட்டுப்புழுவாகி, வண்டாகப் பறந்து செல்கிறது. ஆகவே நம் கொல்லையின் உளுத்த தென்னந்தூர், வண்டுகளுக்கு ஒரு தொட்டில் என்றே சொல்லவேண்டும். அத்தொட்டிலில் வளர்ந்த வண்டு வேலியையும் வரப்பையும் பார்ப்பதில்லை. தூர் ஒருவருடையது, கெடுவது மற்றொருவரின் தோப்பு.

இதன் உண்மையைக் காவிரிக் கடைமடைப் பகுதியார் நன்கு அறிவர். 2018 நவம்பர் 16-ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகளைப் பெருமளவில் வீழ்த்தியது. சில வேரோடு சாய்ந்தன. சில நடுவே முறிந்து அடிமரம் மட்டும் நின்றன. அப்பொழுது அரசு அறிவித்த நிவாரணம் மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய். அதில் 600 ரூபாய் மரத்திற்காகவும், 500 ரூபாய் அதனை வெட்டி அப்புறப்படுத்துவதற்காகவும் கணக்கிடப்பட்டது. மரத்தின் இழப்புக்குக் கொடுத்த தொகைக்கு ஏறத்தாழ நிகராக அதனை அகற்றும் செலவும் வைக்கப்பட்டமை கருதத்தக்கது. விழுந்ததை அகற்றாமல் புதிய கன்றை நட்டால், நட்ட கன்று வண்டுக்கே இரையாகும். நெட்டை இனத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுகள் நீர் ஊற்றி வளர்த்த கன்றை, பக்கத்திலே விட்டுவைத்த ஒரு பழந்தூரினால் இழப்பது எத்துணைப் பெரிய இழப்பு என்பதை உழவர் பெருமக்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வாடல் நோய்

வண்டினும் கொடியது அடித்தண்டழுகல் நோய். 1952-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்தில் அறியப்பட்டமையால் இது தஞ்சாவூர் வாடல் நோய் என்றும் வழங்கப்படுகிறது. கானோடெர்மா என்னும் பூஞ்சையே இதற்குக் காரணம். இப்பூஞ்சை வேரைத் தாக்கி அழுகச் செய்து, அடிமரத்துக்குப் பரவுகிறது. அடித்தண்டில் வெடிப்பு விழுந்து செம்பழுப்பு நீர் வடிவதும், அடிமட்டைகள் வாடித் தொங்குவதும், பின்னர் அடிமரத்தில் பாதி நிலவு போன்ற காளான் முளைப்பதும் இதன் அடையாளங்கள்.

இந்நோயால் பட்ட மரத்தை வெட்டிவிட்டுத் தூரை மண்ணில் விடுவோமாயின், பூஞ்சைக்குச் சோறு வைத்துவிட்டுப் போனதற்கு ஒப்பாகும். அது தூரிலும் வேரிலும் உயிரோடிருந்து, அடுத்த மரத்தின் வேர் தொடும் இடத்தில் அதற்கும் பரவும். ஆதலின் நோயுற்ற மரத்தைத் தூரோடும் வேரோடும் அகழ்ந்தெடுத்து, அவ்விடத்திலேயே எரித்துவிடுதல் வேண்டும். நோயுற்றும் இன்னும் வெட்டப்படாமல் நிற்கும் மரத்தைச் சுற்றி, நான்கு அடி தள்ளி, இரண்டடி ஆழமும் ஓரடி அகலமும் உள்ள அகழி எடுத்தால், அதன் வேர் நல்ல மரத்தின் வேரோடு கலவாது தடுக்கலாம். அண்டையில் உள்ள நல்ல மரங்களுக்கு ஆண்டுக்கு மரம் ஒன்றுக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுவது காப்பாக அமையும்.

தோண்டும் முறை

தென்னந்தூரை எடுப்பது மலைப்புக்குரிய வேலையன்று. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. அடியிலுள்ள குமிழ் போன்ற பகுதியிலிருந்து விரல் பருமனான வேர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பிப் பரவியிருக்கும். அவ்வேர்களை அறுத்துவிட்டால் தூர் கழன்று வரும். முறை வருமாறு:

1. மரத்தை வெட்டும்பொழுதே தரைமட்டத்தில் அறுத்துவிடலாகாது. மூன்று அல்லது நான்கு அடி உயரம் விட்டு அறுத்தல் வேண்டும். அந்த உயரமே பின்னர் நெம்புகோலாகப் பயன்படும். தரையோடு அறுத்த தூரில் கயிறு கட்டவும் இடமிராது.

2. தோண்டுவதற்கு முதல் நாள் தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி நீர் பாய்ச்ச வேண்டும். மண் இளகியிருக்க வேண்டும், சேறாகிவிடலாகாது.

3. தூரிலிருந்து இரண்டடி தள்ளி, சுற்றிலும் இரண்டடி அகலத்தில் பள்ளம் எடுக்க வேண்டும். எதிர்ப்படும் வேர்களைக் கடப்பாரையின் தட்டை முனையாலும் கோடாரியாலும் அறுத்துக்கொண்டே மூன்றடி ஆழம் வரை செல்லுதல் வேண்டும்.

4. எப்பக்கம் சாய்க்க விரும்புகிறோமோ, அப்பக்கத்துப் பள்ளத்தைச் சற்று ஆழமாக எடுத்துக்கொண்டு, தூரின் தலையில் கயிறு கட்டி இழுக்க வேண்டும். டிராக்டரைக் கொண்டு இழுப்பின் கயிற்றின் நீளத்துக்குள் எவரும் நிற்கலாகாது. அறுந்த கயிறு சாட்டையினும் கடிது வீசும். சிறுவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்துக.

5. எடுத்த தூரை வேலி ஓரத்தில் உருட்டிவிட்டால், வண்டின் தொட்டிலை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றியதாகவே முடியும். அதனைக் கோடாரியால் பிளந்து வெயிலில் காயவைத்து அடுப்புக்கோ செங்கற் காளவாய்க்கோ அனுப்ப வேண்டும். உள்ளே வெண்புழுக்கள் காணப்படின் பொறுக்கி எடுத்துக் கோழிகளுக்கு இடலாம்.

6. பள்ளத்தை உடனே மூடாமல் சில நாள் வெயில் படவிட்டு, எஞ்சிய வேர்த்துண்டுகளைப் பொறுக்கிய பின்னர், ஓரடி ஓரடியாக மண்ணிட்டு நீர் தெளித்துத் திமிசு கொண்டு இறுக்குதல் வேண்டும். இறுக்காது மூடிய பள்ளம் மழையில் அமிழ்ந்து, மீண்டும் நீர் தேங்கும் குழியாகிவிடும்.

தோண்ட இயலாத இடத்தில், தூரைத் தரைமட்டத்துக்கு அறுத்து, அதன் முகத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிளந்து, காண்டாமிருக வண்டின் புழுவைக் கொல்லும் பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையை இடலாம். இதனைப் பெறும் வழியை அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தார் கூறுவர்.

துளிர்க்கும் மரங்கள்

தென்னைக்கும் பனைக்கும் வளர்முனை உச்சியில் ஒன்றே உண்டு. அதனை வெட்டியபின் தூரிலிருந்து அவை மீண்டும் துளிர்ப்பதில்லை. வேம்பு, பூவரசு, முருங்கை, தேக்கு, தைலமரம் ஆகியவை அவ்வாறன்று. அவற்றின் தூரில் உயிர் இருக்கும். மழை பெய்ததும் கொத்துக் கொத்தாகத் துளிர்விடும். மறுதாம்பு வேண்டுவோருக்கு இது நன்மை. இடத்தை ஒழிக்க விரும்புவோர் தூரையும் எடுத்தாக வேண்டும். இம்மரங்களில் பக்க வேர்களை முதலில் அறுத்து, பின்னர் ஒருபுறம் ஆழமாகக் குடைந்து ஆணிவேரை இரண்டு மூன்றடிக்குக் கீழே அறுத்தல் வேண்டும்.

இவ்வினத்தில் தனியே குறிப்பிடத்தக்கது சீமைக் கருவேல். 1877-இல் அயல்நாட்டு விதை கொண்டு நம் நாட்டில் புகுத்தப்பட்ட இம்மரம், இன்று ஏரி, கண்மாய், புறம்போக்கு, தரிசு எங்கும் மண்டிக் கிடப்பதை அனைவரும் அறிவர். இதனை ஆண்டுதோறும் வெட்டியும் ஏன் ஒழியவில்லை என்று ஊராட்சி உறுப்பினர் பலர் வினவுகின்றனர். விடை எளிது. தண்டும் வேரும் கூடும் கழுத்துப் பகுதியிலே இதன் மொட்டுகள் உறங்குகின்றன. தரைக்கு மேலே வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் பல தண்டுகள் எழும். எனவே மண்ணை விலக்கி, தரைக்குக் கீழே ஓரடி ஆழத்தில் வேரை வெட்டிக் கழுத்தோடு எடுத்தல் வேண்டும். ஈரப்பதம் உள்ள காலத்தில் இயந்திரத்தால் பிடுங்குவது எளிது. எடுத்த தூரைக் கரிமூட்டம் போடுவோர் வாங்கிக்கொள்வர். ஆதலின் செலவின் ஒரு பகுதி திரும்பும். ஆனால் தூர் போனாலும் விதை மண்ணில் இருக்கும். நெற்றைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்தோடும் விதை வந்து சேரும். ஆகவே அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகள் மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிட வேண்டும். அரைகுறையாகச் செய்யும் வேலை இம்மரத்துக்கு உரமிடுவதற்கே ஒக்கும்.

செய்யத் தகாதவை

தூரில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவோர் உளர். மேலே அணைந்தது போன்ற தீ, உலர்ந்த வேர் வழியே மண்ணுக்குள் கனன்று சென்று, எதிர்பாராத இடத்தில் தலைகாட்டக் கூடும். கூரையும் வைக்கோற்போரும் உள்ள கொல்லையில் இது பேராபத்து. நோயுற்ற தூரை எரிப்பதாயினும், அகழ்ந்தெடுத்த பின், காற்றில்லா வேளையில், நீர் அருகில் வைத்துக்கொண்டே எரித்தல் வேண்டும்.

உப்பைக் கொட்டினால் மண் கெடும். மயில்துத்தம் வைத்தால் அதன் செம்பு மண்ணில் நெடுங்காலம் தங்கும். பெருங்காயம் வைத்தால் தூர் கரைந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை. பட்டுப்போன மரத்தின் தூரும் தோண்டி எடுக்கும் வரை அங்கேயேதான் இருக்கும்.

தூரில் ஓரங்குலத் துளைகள் இட்டு, சாணக் கரைசலும் சிறிது யூரியாவும் நிரப்பி, ஈரச் சாக்கும் மண்ணும் மூடி மக்கவிடும் முறை ஒன்று உண்டு. தழைச்சத்துக் கிடைப்பதால் மக்குதல் விரைவுபடும். எனினும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தென்னை உள்ள ஊரில் இம்முறையை நாம் பரிந்துரைப்பதில்லை. ஈரமும் சாணமும் மக்கிய மரமும் ஒருங்கே கூடுமிடம் வண்டுக்கு நாமே கட்டிக்கொடுக்கும் தொட்டிலாகும்.

எடுக்குமுன் எண்ண வேண்டியவை

எல்லாத் தூரையும் எடுத்தே தீரவேண்டும் என்பதன்று. சுவரை ஒட்டிய முதிர்ந்த புளி, அரசு போன்றவற்றின் வேர் அடித்தளத்தின் கீழே ஓடியிருக்கும். அதனை இயந்திரத்தால் இழுத்தால் சுவரும் அசையும். அங்கே தூரைச் சிறுசிறு துண்டுகளாக அறுத்தெடுத்து, சுவரின் கீழுள்ள வேரை விட்டுவிடுவதே அறிவுடைமை. குடிநீர்க் குழாய், மின்கம்பி, கழிவறைக் குழி ஆகியவை எங்குள்ளன என்பதைத் தோண்டுமுன் அறிந்துகொள்ள வேண்டும்.

கண்மாய்க்கரை, ஆற்றங்கரை, மலைச்சரிவு ஆகிய இடங்களில் வேரே மண்ணைப் பிடித்துநிற்கிறது. கரையில் தூரைப் பிடுங்கிய பள்ளம், நீர் நிரம்பும்பொழுது உடைப்புக்கு வாயிலாகும். ஆகவே கரைத்தூரை எடுப்பதாயின், நீர் வற்றிய கோடையில், நீர்வளத்துறையாரின் இசைவோடு, களிமண் இட்டு அடுக்கடுக்காக இறுக்கி மூடுவதற்கான ஏற்பாடு செய்துகொண்ட பின்னரே தொடங்குதல் வேண்டும்.

சட்டமும் உண்டு. புறம்போக்கு மரத்தில் எவரும் தாமாகக் கைவைக்கலாகாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அரசு அறிவித்துள்ளது. சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையின் அனுமதியின்றித் தொடலாகாது. அதன் வேரிலும் மணமும் மதிப்பும் உண்டு.

ஊராட்சியின் பங்கு

தனியொருவர் தம் கொல்லைத் தூரை எடுத்துவிட்டு, அண்டையில் நான்கு தூர்கள் நின்றால் பயன் சிறிதே. இப்பணி தெருவாகவும் ஊராகவும் சேர்ந்து செய்வதற்குரியது. தென்மேற்குப் பருவக்காற்றோடு வண்டின் நடமாட்டம் மிகும். ஆதலின் சித்திரை, வைகாசி மாதங்களே தூர் எடுப்பதற்கு ஏற்றவை. ஊராட்சி மன்றத்தார் அதற்கு முன்னர்ச் செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, வார்டு வாரியாகத் தூர்களைக் கணக்கெடுத்தல். பள்ளி, அங்கன்வாடி, கிணறு, பாதை ஆகிய பொது இடங்களில் உள்ளவற்றை முதலில் எழுதுக. இரண்டாவது, மண் தோண்டும் இயந்திரத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே வரவழைக்காமல், ஒரு தெரு முழுவதற்கும் ஒரே நாளில் வரவழைத்து வாடகையைப் பங்கிட்டுக்கொள்ளுதல். இயந்திரம் வந்து போகும் செலவு இதனால் ஒருமுறையோடு நின்றுவிடும். மூன்றாவது, ஆளற்ற வீட்டுக் கொல்லைகளையும் முதியோரும் கைம்பெண்களும் தனித்து வாழும் வீடுகளையும் மறவாதிருத்தல். வசதியற்றோர் கொல்லையில் தூர் நிற்பது சோம்பலால் அன்று. கூலி கொடுக்க இயலாமையால். அவர்களின் தூரை ஊரார் எடுத்துக்கொடுப்பது அறமும் ஆகும், ஊரின் தோப்புகளுக்குக் காப்பும் ஆகும். தூரோடு எருக்குழிகளையும் கிளறிப் புழுக்களைப் பொறுக்கிவிட்டால் பணி நிறைவுபெறும்.

தூர் எடுத்த இடத்தை வெறுமையாக விடாமல், தகுந்த இடைவெளியில் ஒரு நல்ல கன்றை நடுக. வாடல் நோய் கண்ட குழியாயின் அங்கே மீண்டும் தென்னையை நடாது வேறினம் நடுவது நலம்.

கிராம சபையில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் இப்பொழுது எத்தனை தென்னந்தூர்கள் நிற்கின்றன? அவற்றுள் உளுத்தவை எத்தனை?

2. கடந்த ஆண்டில் குருத்து வெட்டுப்பட்ட இளந்தென்னைகள் எத்தெருவில் மிகுதி? அத்தெருவில் உள்ள தூர்களும் எருக்குழிகளும் எவை?

3. செம்பழுப்பு நீர் வடியும் மரம் எவரேனும் தோப்பில் உள்ளதா? அதனைச் சுற்றி அகழி எடுக்கப்பட்டதா?

4. சென்ற முறை வெட்டிய சீமைக் கருவேல் மீண்டும் துளிர்த்த இடங்கள் எவை? அங்கே தூர் எடுக்கப்பட்டதா?

5. இயந்திர வாடகையைப் பங்கிடவும், இயலாதோர் கொல்லைத் தூரை எடுக்கவும் ஊரார் செய்யக்கூடிய ஏற்பாடு யாது?

இவ்வினாக்களுக்கு விடை காணும் ஊர், தன் தோப்புகளைத் தானே காத்துக்கொள்ளும் ஊராகும்.